கோட்டின் மேல் உட்கார்ந்த பெட்டி

வரைபடம் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எந்தக் கோடு யாருடையது என்று எழுதி வைக்க அதில் ஓர் ஓரம் கண்டுபிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். கணினியில் படம் போட்டுப் பிழைக்கும் என் சக துன்பவாசிகளே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடுகளுக்குப் பெயர் சொல்லும் சின்னச் சதுரம் ஒன்று இருக்கிறதே, விளக்கப் பெட்டி, அதை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவருடைய கோட்டின் மேல்தான் போய் உட்காரும். உங்கள் ஆபீசில் அதற்குத் திட்டு விழும். எங்கள் தோட்டத்தில் அதற்கு வீடே போகும் என்று இருந்தது.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். திரிங்காப் தாண்டிப் பிரியும் மண் சாலையில் உள்ளே போக வேண்டும். அங்கே நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி, அதாவது ஆபீசில் கடைசி நாற்காலி. எனக்கு மேலே பெரிய கிராணி, அவருக்கு மேலே தோட்டத்து மேனேஜர், துரை. வெள்ளைக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள், துரை என்ற பெயர் மட்டும் நாற்காலியோடு தங்கிவிட்டது. எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று என்னை ஈப்போவுக்கு அனுப்பிக் கணினிக்குக் கட்டளை எழுதப் பழக்கினார்கள். திரும்பி வந்தபோது மேசை மேல் ஒரு கணினியும், பக்கத்தில் தானே பேனாவைப் பிடித்துக் காகிதத்தில் கோடு போடும் ஓர் இயந்திரமும் இருந்தன.

தோட்டத்தில் நாலு டிவிசன்: ஆத்து டிவிசன், பழைய டிவிசன், மேட்டு டிவிசன், காட்டு டிவிசன். காட்டு டிவிசன் எல்லாவற்றிலும் சின்னது, எல்லாவற்றிலும் தூரம். அதன் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில்தான், நானும் அம்மாவும் குடியிருந்தோம். அம்மா அங்கேதான் கொழுந்து பறித்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

படமே சொல்லட்டும்

கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் அவ்வப்போது மலையேறி வருவார். ஏஜெண்டு என்போம். தமிழர்தான், ஆனால் டவுனிலேயே வளர்ந்தவர், ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டேதான் எல்லாவற்றையும் பார்ப்பார். அந்த முறை வந்தபோது, கம்பெனி ஒரு டிவிசனை மூடப் போகிறது என்று துரையின் அறையில் வைத்துச் சொன்னார். செடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் காய்கறிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவார்களாம். லயத்தையும் இடிப்பார்களாம். ஆட்களுக்கு வேறு தோட்டத்தில் இடம் இருந்தால் அனுப்புவார்களாம்.

இயந்திரத்தைக் காட்டுவதற்காக என்னையும் அந்த அறையில் நிறுத்தியிருந்தார்கள். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி, பல்லி விழுந்தாலே அலறிவிடுவேன். நாலில் ஒன்று என்றால் சின்னதுதானே போகும்? பெரிய கிராணி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் இயந்திரம் பேனாவை எடுத்து அழகாக ஒரு கோடு இழுத்துக் காட்டியது. ஏஜெண்டுக்கு அதைக் கண்டதும் குளிர்கூட மறந்துவிட்டது. துரையிடம் சொன்னார்: "எனக்குப் பேப்பர் பேப்பரா அறிக்கை வேணாம். ஏக்கருக்கு எவ்வளவு கொழுந்துன்னு நாலு டிவிசனுக்கும் படம் போட்டு வைங்க. எத மூடுறதுன்னு படமே சொல்லட்டும்."

தலைக்கு மேலே, காலுக்குக் கீழே

முதலில் நாலு டிவிசனுக்கும் நாலு சின்னப் படங்கள், ஒரே தாளில் மேலே இரண்டு, கீழே இரண்டு. நீங்களும் இப்படி ஆரம்பித்துத்தான் மாட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு படமும் தன் உயரத்தைத் தானே முடிவு செய்துகொண்டது. மேட்டு டிவிசனில் கொழுந்து மாதத்துக்கு மாதம் ஒரு கைப்பிடி கூடிக் குறைந்ததெல்லாம் மலையும் பள்ளமுமாக வந்து நின்றது. துரை அதைப் பார்த்துவிட்டு, "அங்க என்ன பூகம்பமா வந்துச்சு?" என்று கேட்டார். ஓடிப்போய் நாலுக்கும் ஒரே அளவு வைத்தேன்.

அளவு சரியானது, பெயர் வந்து நின்ற இடம் சரியில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பை மேலே வைத்திருந்தேன். ஆனால் படங்களை நெருக்கி வைத்ததால், கீழ்ப் படத்தின் தலைப்பு மேல் படத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் போட்டோவுக்குப் பெயர் கீழேதானே இருக்கும்? துரையும் அப்படித்தான் படித்தார். ஆத்து டிவிசனில் கொழுந்து இறங்கியதற்கு, பழைய டிவிசனில் ஆட்களை மேய்க்கும் கங்காணியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் வாசலில் நின்று, இன்றோடு என் வேலை போயிற்று என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கங்காணி தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: "தொர, நீங்க ஏசுறது என் தலைக்கு மேல இருக்குறவர. நான் அவரு காலுக்குக் கீழ சும்மா நல்லாத்தான் இருக்கேன் லா."

கொழுந்து காத்திருக்காது

துரை சின்னப் படங்களை ஒழித்தார். ஒரே படம், நாலு கோடு, நாலு நிறம் என்று உத்தரவு. எழுதி முடித்து ஓட விட்டேன். ஆபீசுக்கும் பேக்டரிக்கும் ஒரே மின்சாரம்தான். அங்கே கொழுந்து உருட்டும் மெசினைப் போட்டார்களானால் இங்கே விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். கணினி கண்ணை மூடியே விடும். காட்டு டிவிசன் கோடு பாதி வந்திருந்தபோது பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அந்த இடத்தில் மை ஊறி ஒரு பெரிய பொட்டு. என் லயத்துக்கே முற்றுப்புள்ளி வைத்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேக்டரிக்கு ஓடினேன். காகிதம் ஈரம் படாமல் இருக்க அங்கே இலையைக் காய வைக்கும் காய்ச்சல் அறைப் பக்கம்தான் அடுக்கி வைப்போம். எங்கள் படங்களில் எப்போதும் தேயிலை மணக்கும். பேக்டரி பெரியவரிடம், "அண்ணே, ஒரு படம் முடியிற வரைக்கும் உருட்டாம இருங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவர் இலைக் குவியலை ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "கொழுந்து காத்திருக்காது தங்கச்சி. ஒன் கோடு காத்திருக்கும், போ."

ஆகஸ்டோடு நின்ற கோடு

கடைசியில் ஒரு படம் முழுசாக வந்தது. வலது பக்கம் மேலே விளக்கப் பெட்டி, உள்ளே நாலு பெயர், நாலு நிறக் கோடு. பெட்டிக்குள் வேறு கோடு புகுந்தால் எழுத்து தெரியாது. ஆகவே அந்த இடம் வரும்போது பேனாவைத் தூக்கிவிடும்படி கட்டளை எழுதச் சொல்லி ஈப்போ வாத்தியார் பழக்கியிருந்தார். படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. துரை முதுகில் தட்டாத குறை. தபாலில் கோலாலம்பூர் போனது.

போன் வந்தபோது பெரிய கிராணிதான் எடுத்தார். அவர் முகம் மாறியது. அந்த வருஷம் காட்டு டிவிசனில் நல்ல கொழுந்து. செப்டம்பரிலிருந்து அதன் கோடு மற்ற மூன்றையும் தாண்டி மேலே மேலே ஏறியிருந்தது. ஏறிப் போய், நேராகப் பெட்டிக்குள் நுழைந்திருந்தது. பேனா மரியாதையாகத் தூக்கிக்கொண்டது. நன்றாக வேலை செய்த மாதங்கள் எல்லாம் தாளில் வெறும் வெள்ளை. பெரிய கிராணி போனை என் காதில் வைத்தார். ஏஜெண்டு நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, காட்டு டிவிசன் ஆகஸ்டோட செத்துப்போச்சா? அப்போ நான் யோசிக்கவே வேணாமே."

அடியில் மடித்த இடம்

திக்கித் திணறி விளக்கம் சொன்னேன். சரி, வேறு படம் எடுத்து வை, அடுத்த மாதம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். பெட்டியே வேண்டாம் என்று எனக்கு வெறுத்துப்போனது. ஆனால் பெயர் இல்லாமல் கோடு எப்படி? அதனால் அதைப் படத்துக்குள்ளேயே விடாமல், அடியில், மாதங்களின் பெயர்களுக்கும் கீழே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடத்தில் கிடத்தினேன். இனி எந்தக் கோட்டின் மேலும் அது உட்கார முடியாது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

துரைக்கு அதைப் பார்த்து ஒரு யோசனை வந்தது. ஆட்களும் பார்க்கட்டும், போட்டி வரும், பறிப்பு கூடும். ஒரு பிரதி எடுத்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கண்ணாடி போட்ட பலகைக்குள் ஒட்டச் சொன்னார். பெரிய கிராணி ஒட்டினார். பலகை கொஞ்சம் சின்னது, தாள் கொஞ்சம் நீளம். அவர் பாவம், அடியை நறுவிசாக உள்ளே மடித்துவிட்டார். மடித்த இடத்தில்தான் என் பெட்டி இருந்தது. அப்போது நான் மலையிலேயே இல்லை. பேனாவுக்கு மை தீர்ந்துவிட்டதென்று ஈப்போவுக்கு அனுப்பியிருந்தார்கள், மை வந்து சேரும் வரை இரண்டு வாரம் அங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். பிறகு நான் கேட்டபோது பெரிய கிராணி ரொம்ப அப்பாவியாகச் சொன்னார்: "அடியில சும்மா நாலு சின்னக் கோடுதானம்மா கெடந்துச்சு. படம் முழுசா மேலதான இருக்கு?"

முட்டைக்கோஸ் தோட்டத்து வாசல்

திரும்பி வரும்போது பிரிஞ்சாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, காய்கறி லோரி ஒன்றில் ஏறிக்கொண்டேன். திரிங்காப்பில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்து வாசலில் லோரி நின்றது. அங்கே வரிசையாக நிற்கிறார்கள், எல்லாம் எங்கள் லயத்து ஆட்கள். முன்னால் காட்டு டிவிசன் கங்காணி வீராசாமி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை கேட்டு. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்தில் டிவிசனுக்கு ஒரு நிறத் துணி. கொழுந்துச் சாக்கின் வாயில் கட்டியிருப்பார்கள், பனி மூடியிருந்தாலும் நிறுக்கிற இடத்தில் யாருடைய சாக்கு என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் அல்லவா? காட்டு டிவிசனுக்குச் சிவப்பு. அங்கே பிறந்த குழந்தைக்குக்கூடச் சிவப்பு என்றால் நாங்கள்தான். என் இயந்திரத்துக்கு அது தெரியாது. அது பேனாக்களை வரிசைப்படி எடுத்தது. சிவப்புப் பேனா பழைய டிவிசனுக்குப் போனது. பழைய டிவிசனில் அப்போதுதான் செடிகளைக் கவாத்து வெட்டி மொட்டையாக விட்டிருந்தார்கள். வெட்டினால் கொழுந்து எங்கிருந்து வரும்? சிவப்புக் கோடு கூரையிலிருந்து விழுந்த மாதிரி தரைக்கு வந்திருந்தது. பெயர் சொல்லும் பெட்டி மடிப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு டிவிசன் போகப் போகிறது என்ற பேச்சு ஏற்கெனவே லயத்தில் இருந்தது. நான் லோரியிலிருந்து குதித்து ஓடினேன். வீராசாமி கங்காணி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நீ போட்ட படந்தானம்மா. எங்களுக்கு அபீஸ், முடிஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்த வாயால சொல்லியிருக்கலாம்ல? கண்ணாடிக்குள்ள வச்சா சொல்லுவாங்க?"

பயம் வரைந்த பள்ளம்

வீட்டுக்குப் போனால், பாத்திரமெல்லாம் சாக்குக்குள் கட்டியிருந்தது. பின்பக்கம் அம்மா ஆசையாக வளர்த்த சௌசௌக் கொடி, கூரை வரை ஏறிக் காய்த்திருந்தது, அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தது. காய்கறிக்காரன் வந்து தின்னக் கூடாது என்று அம்மாவே வெட்டியிருந்தார். அது பழைய டிவிசன் கோடு, நம்முடையது நீலம், உச்சியில் இருக்கிறது என்று நான் கத்தினேன். அம்மா நம்பவில்லை. நீலம் மேட்டு டிவிசன் துணி ஆயிற்றே.

மறுநாள் ஆபீசில் கொழுந்துக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. நான் இல்லாத நாட்களில் பாதி ஆள் வேலை தேடிப் போய்விட்டது. மீதி ஆள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தது. காட்டு டிவிசனில் பறிப்பே இல்லை. முற்றிப்போன இலை செடியிலேயே நின்றது. அந்த மாதக் கணக்கைக் கணினியில் கொடுத்தேன். நீலக் கோடு உச்சியிலிருந்து புரண்டு, நேராகப் பள்ளத்துக்குப் போனது. பொய்யாகப் பார்த்துப் பயந்தது இப்போது மெய்யாகவே வந்துவிட்டது. ஏஜெண்டு வருவதாகச் சொன்ன வாரமும் அதுதான். பெரிய கிராணி தாளைப் பார்த்துவிட்டுத் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்: "மடிக்காம விட்டிருக்கலாம். பலகைய பெருசாக்கச் சொல்லியிருக்கலாம். இப்ப என்னத்தச் செய்ய?"

உள்ளங்கை

கடைசிப் படத்தில் பெட்டியே இல்லை. சாக்குத் துணிக்குத் தகுந்தபடி பேனாக்களை மாற்றினேன். காட்டு டிவிசனுக்குச் சிவப்பு. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில், பக்கத்திலேயே அதன் பெயர். இயந்திரம் ஆங்கிலத்தில் எழுதியது, அதன் கீழே நான் கையால் தமிழில் எழுதினேன். காட்டும் பழையதும் தரையில் ஒன்றாக விழுந்து கிடந்ததால் இரண்டு பெயரும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ளி, மற்றதைக் கொஞ்சம் கீழே தள்ளியதும் பெயர் தெளிவாக வந்தது. அவ்வளவு தெளிவாக எங்கள் டிவிசனின் பள்ளத்தை நானே எழுதி வைத்தேன். பலகையில் இருந்த தாளின் மடிப்பை விரித்து வீராசாமி கங்காணியிடமும் காட்டினேன், ஓடிய ஆட்களை அவரே திரும்பக் கூட்டி வந்தார்.

ஏஜெண்டு வந்தார். தாளை மேசையில் விரித்தார். எழுத்தும் கோடும் சேர்ந்து இருப்பதைப் பார்த்து, "இது நல்லா இருக்கே" என்றார். பிறகு சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனார். ஏறியது, ஏறியது, விழுந்தது. விரல் நின்றது. வீராசாமி கங்காணியைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அய்யா, அது கொழுந்து கொறஞ்ச பள்ளம் இல்ல. கண்ணாடிப் பலகையில ஒட்டுன படத்தப் பாத்து நாங்க பயந்து ஓடுன பள்ளம். வேற டிவிசன் கோட்ட எங்க கோடுன்னு நெனச்சிட்டோம். வேல கேட்டு நானுந்தான் போனேன்" என்றார்.

ஏஜெண்டு வலது கையை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். பள்ளம் உள்ளங்கைக்குள் மறைந்தது. என் பெட்டி ஒரு காலத்தில் எங்கள் நல்ல மாதங்களை மறைத்தது போலவே, இப்போது அந்தக் கை எங்கள் கெட்ட மாதத்தை மறைத்தது. கையை எடுக்காமலே துரையிடம் சொன்னார்: "இத மறைச்சிட்டுப் பார்த்தா டிவிசன் நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் எதையும் மூட வேணாம், அடுத்த வருஷம் பார்ப்போம். அந்தக் கண்ணாடிப் பலகையை மட்டும் கழட்டிடுங்க."

கொடி

நான் லயத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அம்மா வாசலில் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். மூட மாட்டார்கள், நம் கோடு பிழைத்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டதால் அடுத்த மாதம் திரும்ப ஏறிவிடும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அழுதேன், சிரித்தேன், பைத்தியம் மாதிரி. அம்மா எழுந்து மூட்டையை அவிழ்த்து, ஒரே ஒரு சட்டியையும் ஒரு அகப்பையையும் மட்டும் வெளியே எடுத்தார். மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்று மறுபடி கட்டி வைத்தார். பிறகு பின்பக்கம் போய், காய்ந்து சுருண்டு கிடந்ததைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டார்: "ஒன் கோடு திரும்ப ஏறிரும் சரோசா. என் சௌசௌக் கொடி ஏறுமா?"

இப்போதெல்லாம் விளக்கப் பெட்டி தனக்கு இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது என்கிறார்கள். தேடிக்கொள்ளட்டும், நான் மட்டும் ஒவ்வொரு படத்தையும் வெளியே அனுப்புமுன் பின்பக்கம் கொடி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுகிறேன்.